முதலில் வந்தவர்களுக்கு ஒரு மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாக முன் வாங்கில் இருந்துவரும் சகோதர சகோதரிகளுக்கும், பங்குச் சபைகளிலும் செயற்குழுக்களிலும் பொறுப்பு வகிக்கும் பெரியவர்களுக்கும்,



இதை உங்கள் ஒவ்வொருவருடைய படலையிலும் வந்து நின்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணி தருவீர்கள். "எங்கட சபையில அப்படியொண்டும் இல்லை, மற்றப் பக்கத்திலதான் அது கூட" என்பீர்கள். நானும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். மற்றப் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் அதே தேத்தண்ணி, அதே பதில். ஆகவே கத்தோலிக்கர், தென்னிந்திய திருச்சபையார், மெதடிஸ்தர், அங்கிலிக்கர் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் வெளியாள் அல்ல. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர் யார் என்பது எனக்கே கேள்விஞானந்தான். அவ்வளவு பழைய கிறிஸ்தவர்கள் நாங்கள்.

உங்களிடம் எனக்கொரு மனத்தாங்கல் இருக்கிறது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒருவர் சபைக்கு வந்து, நமக்குக் கிடைத்ததெல்லாம் அவருக்கும் கிடைக்கப்போகிறது என்றால் நீங்கள் நியாயம் பேசத் தொடங்குகிறீர்கள். எத்தனை வருடமாக வருகிறார், எவ்வளவு சந்தா கட்டினார், முன்பு எங்கே இருந்தவர், யாருடைய ஆள் என்று விசாரணை நடக்கிறது. அநியாயத்துக்கு ஆளான ஒருவர் நியாயம் கேட்டு வந்து நின்றாலோ கிருபை பேசுகிறீர்கள். மன்னித்துவிடுங்கள், கடவுளிடம் விட்டுவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். கிருபை காட்டவேண்டிய இடத்தில் கணக்குப் பார்க்கிறோம். கணக்குக் கேட்கவேண்டிய இடத்தில் கிருபையைப் பிரசங்கிக்கிறோம். இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மத்தேயு இருபதாம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கூலிக்காரரின் கதையை ஞாயிறு பாடசாலையில் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கதையை விளங்கிக்கொள்ள நாம் கடல் கடந்து போகத் தேவையில்லை. உரும்பிராய், இணுவில் பக்கத்து முந்திரிகைத் தோட்டங்களைப் பார்த்தவர்கள்தானே நீங்கள். பந்தலுக்குக் கீழே நின்று, அண்ணாந்தபடியே குலை குலையாகக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கூடையில் அடுக்கியவருக்குத் தெரியும், மத்தியானத்துக்குள் பிடரியும் தோள்மூட்டும் எப்படி வலிக்கும் என்று. குலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பழம் உதிர்ந்துவிடும். காம்போடு தாங்கி வெட்டவேண்டும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். துடைக்கக் கை ஒழியாது. அப்படி விடியற்காலை தொட்டு வேலை செய்தவர்களும், பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து ஒரு மணித்தியாலம் மட்டும் கை வைத்தவர்களும் ஒரே நாட்கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதுதான் கதை. முதலில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். நம்முடைய தோட்டத்தில் நடந்திருந்தால் நாமும் முறுமுறுத்திருப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்தக் கதையில் மூன்று விடயங்களை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். தோட்டக்காரர் முதலில் வந்தவர்களின் கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை என்பது ஒன்று. காலையில் என்ன பேசினாரோ அதை மாலையில் முழுதாகக் கொடுத்தார். அதாவது அவருடைய தாராளம் நியாயத்தைத் தின்று வளர்ந்த தாராளம் அல்ல. பேசிய கூலியைக் குறையாமல் தீர்த்தபடியேதான் மற்றவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார். இதை மனதில் வைத்திருங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

கடைசியில் வந்தவர்களுக்குத்தான் முதலில் கூலி கொடுக்கச் சொன்னார் என்பது இன்னொன்று. வேண்டுமென்றே செய்த காரியம் போலத்தான் எனக்குப் படுகிறது. வந்த ஒழுங்கின்படி கொடுத்திருந்தால் காலையில் வந்தவர்கள் பேசிய காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டு சந்தோஷமாக வீடு போயிருப்பார்கள். ஒரு முறுமுறுப்பும் எழுந்திருக்காது. அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பக்கத்தில் நின்றவனுடைய கையைப் பார்த்த பிறகுதான் தங்கள் கையில் இருந்தது அவர்களுக்குக் குறைவாகத் தெரிந்தது. அவர்கள் அதைப் பார்க்கவேண்டும் என்றே தோட்டக்காரர் நினைத்தார்.

மூன்றாவதுதான் யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்குச் சுடவேண்டியது. ஏன் பகல் முழுவதும் சும்மா நின்றீர்கள் என்று ஐந்து மணிக்காரர்களிடம் கேட்டபோது, தங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றுதான் அவர்கள் பதில் சொன்னார்கள். சோம்பேறிகள் என்றோ, நித்திரையால் எழும்பப் பிந்திவிட்டது என்றோ கதையில் இல்லை. சந்தையில்தான் நின்றார்கள். காலையிலிருந்து ஆள் பிடிக்க வந்தவர்கள் அவர்களைப் பார்த்தும் பாராமல் போனார்கள்.

இந்தக் குடாநாட்டில் கிருபையின் தோட்டத்துக்குப் பிந்தி வந்தவர்கள் யார், அவர்களைப் பிந்தவைத்தது யார் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் பணி தொடங்கியது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி எழுந்தது, அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை. ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் படித்து அந்தச் செமினரியில் இருந்து வெளியே வந்து உத்தியோகம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நிலபுலமும் சாதிப் பெருமையும் உள்ள வீடுகளின் பிள்ளைகள். மிஷனரிமார் சாதியைக் கண்டித்துப் பேசத்தான் செய்தார்கள். ஆனாலும் கோயிலுக்குள் வாங்கில் இருப்பவர்கள் வேறு, நிலத்தில் பாய் விரித்து இருப்பவர்கள் வேறு என்று நெடுங்காலம் இருந்ததை நம் பாட்டன் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது ஏதோ பிறமதத்தவர் நம்மேல் சுமத்திய பழி அல்ல. நம்முடைய வீட்டுக் கதை.

1929, 1930 ஆண்டுகளில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சமாசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மாதிரியாக வாங்கில் இருந்து படிக்கவேண்டும் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, அதை எதிர்த்து மனுக்கள் போயின, பாடசாலைகளுக்கு நெருப்பும் வைக்கப்பட்டது. ஒரு பிள்ளை நிலத்தில் இருந்து எழும்பி வாங்கில் இருப்பதைத் தாங்க முடியாமல் பள்ளிக்கூடத்தையே எரிக்கத் துணிந்த சமூகம் இது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் சைவப் பெரியவர்கள் என்று நாம் சொல்லித் தப்பிக்கொள்வோம். அந்த மனநிலை நம் கோயில் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டதா? வீட்டுக்குள் வராமலா இருந்தது? மிஷன் பாடசாலையில் படித்த இளைஞர் அன்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசில் சேர்ந்து, ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் தலைமையில் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அந்தக் குரல் கல்லூரி மண்டபத்தில் கேட்ட அளவுக்குச் சேமக்காலையில் கேட்கவில்லை.

சேமக்காலை என்றதும் ஒரு செத்தவீடு நினைவுக்கு வருகிறது. ஊரும் சபையும் வேண்டாம். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒழுங்கை முடிவில் வாடகைக்கு இருந்த ஒரு கிழவி. வயது போன காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவ. சனிக்கிழமைகளில் கோயில் வளவைக் கூட்டிச் சருகு அள்ளுவா. ஒருவரும் கேட்டுச் செய்த வேலை அல்ல. அவ செத்த அன்று பிரேதம் வீட்டில் கிடக்க, சேமக்காலையில் இடம் கொடுப்பதா என்று செயற்குழுவினர் நாலைந்து பேர் மண்டபத்தில் கூடினார்கள். ஒருவர் சந்தாக் கொப்பியை விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிசையாக ஓட்டிப் பார்த்துவிட்டு "நிலுவை இருக்கு" என்றார். இன்னொருவர், இடம் குறைவு, இருப்பதெல்லாம் பழைய குடும்பங்களுக்கு உரியது என்றார். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. கடைசியில் இடம் கிடைத்தது. மதிலோரம், பழைய மாலைகளைக் கொட்டி எரிக்கும் மூலைக்குப் பக்கத்தில்.

அதே கொப்பியில், முப்பது வருடமாக லண்டனில் இருந்துகொண்டு இந்தச் சபைப் பக்கம் எட்டியும் பாராத ஒருவருடைய பெயருக்கு நேரே நிலுவை எதுவும் இல்லை. அவருடைய அண்ணன் ஒழுங்காகக் கட்டிவந்தார். அவருக்குக் குடும்பக் கல்லறையில் இடம் தயாராக இருக்கிறது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கொப்பியை விரித்தவர்மேலும் இல்லை. அவர் கொடுமைக்காரர் அல்ல, கவனமான மனிதர், கணக்கில் ஒரு சதம் பிசகாதவர். அதுதான் என் பயமும். கவனமான, நேர்மையான, விதிமுறைப்படி நடக்கிற மனிதர்கள்தான் உவமையில் முறுமுறுத்தவர்களும்.

சைவ அயலவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆயுள் முழுவதும் அட்டூழியம் செய்த ஒருவன் சாகும் தறுவாயில் மனந்திரும்பினால் அவனுக்கும் மோட்சம், ஆயுள் முழுவதும் ஒழுங்காக வாழ்ந்த என் தகப்பனுக்கு இல்லையா, இது என்ன நியாயம் என்று கேட்பார்கள். செய்த வினையை அனுபவித்தே தீரவேண்டும் என்று நம்பி வளர்ந்தவருக்கு இது நியாயமான கேள்வி. அதை ஏளனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களிடமும் அருளைப் பற்றிய ஆழமான சிந்தனை இருக்கிறது. உயிரின் மலம் பரிபாகம் அடைந்து, இருவினையும் ஒப்பும் நிலையில்தான் சத்திநிபாதம், அதாவது அருள் உயிரில் பதிதல், நிகழும் என்று சைவ சித்தாந்தம் பேசுகிறது. அருளுக்கும் தகுதிக்கும் என்ன உறவு என்ற வழக்கு இந்த மண்ணில் நம் வேதாகமம் வருமுன்பே நடந்துகொண்டிருந்த வழக்கு. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதலாவது பேராயராக 1947இல் பொறுப்பேற்ற சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை என்ற கொள்கையை ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். நம் ஊர்ப் பேராயர் ஒருவர் அயலவருடைய கேள்வியை அவ்வளவு மதித்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டியாவது பார்த்தோம்?

என்னிடம் கேட்டால் நான் அந்த அயலவருக்குச் சொல்லும் பதில் சின்னது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்குக் கிடைத்தது அவன் உழைத்துச் சம்பாதித்தது அல்ல. தனக்கு விதிக்கப்பட்டது நியாயமான தண்டனை என்று அவனே ஒத்துக்கொண்டான். எனக்குக் கிடைத்ததும் நான் சம்பாதித்தது அல்ல. தகுதி பார்த்துத்தான் உள்ளே விடுவதென்றால் வாசலில் நிறுத்தப்படுகிறவர்களில் முதல் ஆள் நான். இதை ஒத்துக்கொள்ள அயலவருக்குக் கஷ்டமாக இருப்பது எனக்கு விளங்குகிறது. உங்களுக்குக் கஷ்டமாக இருப்பதுதான் விளங்கவில்லை. ஞாயிறுதோறும் பாவிகள் என்று வாயால் அறிக்கையிடுகிறோம். திங்கட்கிழமை செயற்குழுவில் பங்குதாரர்கள் போல இருக்கிறோம்.

நம்மிடம் நற்செய்தி வந்த விதத்தையாவது நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்துப் பிள்ளையான யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்து, சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்தார். 2015இல் அவரைப் புனிதர் என்று திருச்சபை அறிவித்தது. நாமும் கொடி கட்டிக் கொண்டாடினோம். மெதடிஸ்தர்களுக்கு டி. ரி. நைல்ஸ் இருக்கிறார். நற்செய்தி சொல்வதென்பது ஒரு பிச்சைக்காரர் இன்னொரு பிச்சைக்காரருக்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைக் காட்டுவது போன்றது என்ற கருத்து அவர் பெயரோடு உலகம் முழுக்கப் போனது. அந்தப் பிச்சைக்காரர்களில் பரம்பரைப் பிச்சைக்காரர் என்று தனி வாங்கு கேட்டவர் யாரும் இல்லை.

போர் முடிந்து புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்த முன்னாள் போராளிப் பிள்ளைகளை ஏற்கும் விடயத்திலும் இதே சங்கடம் இருக்கிறது. சிலர் கோயில் பின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் அதே கோயிலில்தான் இருக்கின்றன. இயக்கத்துக்கென்று பலவந்தமாகப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனது யார் என்று ஒரு தாய்க்குத் தெரியும். அவரைப் பார்த்து "கிருபை காட்டம்மா" என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. தமஸ்குவில் அனனியா, தன் ஆட்களைக் கட்டி இழுத்துப்போக வந்த சவுலைச் சகோதரனே என்று அழைத்துக் கை வைத்தான். ஆனால் அதற்கு முன் தன் பயத்தையும் முறைப்பாட்டையும் கடவுளிடமே வாய்விட்டுச் சொன்னான். கடவுள் அதைக் கேட்டார், வாயை மூடு என்று சொல்லவில்லை. சவுலும் தான் செய்ததை மறைக்காமல் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருந்தார். நம்மிடமோ அந்த முறைப்பாடும் அந்த ஒப்புதலும் எப்போதும் விடுபட்டுப் போகின்றன.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். தோட்டக்காரர் பேசிய கூலியை முழுதாகத் தீர்த்தார் என்று சொன்னேன் அல்லவா? நாம் பேசிய கூலியைத் தீர்க்காமலே கிருபையைப் பற்றிப் பேசுகிற ஆட்கள்.

1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வலிகாமத்தில் படை முன்னேறிய அன்று, ஊரை விட்டு ஓடிவந்த சனம் கோயில் என்றால் பாதுகாப்பு என்று நம்பிப் போய் இருந்தது. விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதற்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2006 ஓகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் போனார். அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பதில் இல்லை. அதாவது திருச்சபையே காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பந்தான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் தெருவோரத்தில் பந்தல் போட்டு இருந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும் நமக்கும் இடையில் வித்தியாசமே இருந்திருக்கக் கூடாது.

ஆனால் வித்தியாசம் இருந்தது. துணிந்து அவர்களோடு போய் இருந்த குருமாரும் துறவிகளும் உண்டு, அவர்களை மறக்கவில்லை. ஆனால் நம் பெரும்பாலான பிரசங்க பீடங்களில் இருந்து அந்தத் தாய்மாருக்குப் போய்ச் சேர்ந்தது மன்னிப்பு உபதேசம். பழையதைக் கிளறாதேயுங்கள், புண்ணை ஆறவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. யாரை மன்னிப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. செய்ததை ஒருவரும் ஒத்துக்கொள்ளவே இல்லையே! பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாத தாயிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்குவது கிருபை அல்ல. அது அடுத்தவர் காசில் செய்கிற தர்மம்.

நீதியற்ற நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் வழக்குக் கேட்ட விதவையின் கதையை இயேசு சொன்னார். அவளை முன்மாதிரியாகவே காட்டினார். வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணு, வழக்கை விடு என்று அவளுக்கு உபதேசம் செய்த ஒருவரும் அந்தக் கதையில் இல்லை. சகேயுவின் வீட்டுக்குக் கிருபை வலியத்தான் போனது. அவன் கேட்கக்கூட இல்லை. ஆனால் எழுந்து நின்று, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். கிருபை புகுந்த வீட்டில் கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை, விரிக்கப்பட்டது. ஆனால் இந்த முறை அதை விரித்தவன் கடன்பட்டவன்.

கடன்பட்டவர்கள் வரிசையில் நாமும் நிற்கவேண்டிய இடம் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் வீட்டையும் கடையையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். விடுதலைப் புலிகளே அந்தக் கட்டளையைப் போட்டார்கள். ஆனால் சோனகதெரு வெறுமையானதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நவாலிக்கு நியாயம் கேட்கும் வாயால் இதையும் பேசவேண்டும். பேசாவிட்டால் நவாலியைப் பற்றி நாம் கேட்பதற்கும் பாரம் இருக்காது.

இன்னும் கிட்டவே ஒன்று சொல்லட்டுமா? உங்களில் தோட்டம் உள்ளவர்கள் பலர். வெங்காயம் கிண்டவும் புல்லுப் பிடுங்கவும் வரும் பெண்களுக்கு நீங்கள் கொடுப்பது ஆண்களுக்குக் கொடுக்கும் கூலி அல்ல. அது ஊர் வழக்கம் என்பீர்கள். உவமையின் தோட்டக்காரர் சமமில்லாத வேலைக்குச் சமமான கூலி கொடுத்தார் என்று முறுமுறுக்கிறோம். நாமோ சமமான வேலைக்குச் சமமில்லாத கூலி கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே உவமைக்கு ஆமென் சொல்கிறோம்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பும் எனக்குத் தெரியும். சந்தா இல்லாமல் சபையை எப்படி நடத்துவது, கூரை ஒழுகினால் யார் போடுவது, விதிமுறை என்று ஒன்று வேண்டாமா? வேண்டும். சபைக்குச் சந்தா இருக்கட்டும், கொப்பியும் இருக்கட்டும், கவனமான பொருளாளரும் இருக்கட்டும். நான் அவற்றை எதிர்க்கவில்லை. கூரைக்கான கொப்பியைக் குழிக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறேன். கூரைக்கு இப்போது கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் காசு வருகிறது. வாங்குக்கு வாங்கு, மின்விசிறிக்கு மின்விசிறி, உபயகாரர் பெயர் எழுதியாயிற்று. (மின்விசிறியில் பெயர் எழுதுவதன் பயன் எனக்கு இன்னும் விளங்கவில்லை, சுற்றும்போது வாசிக்க முடியாது.) காசு இல்லை என்ற நிலையில் நம் பெரும்பாலான சபைகள் இன்று இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் சேமக்காலையில் இன்ன குடும்பத்துக்கு இன்ன பக்கம் என்ற பிரிவு இருந்தால் அதை நீக்குங்கள். அடுத்த பிரேதத்தில் இருந்து, வந்த ஒழுங்கின்படி குழி வெட்டப்படட்டும். நிலுவை இருக்கிறதா என்ற கேள்வி செத்தவீட்டில் எழக் கூடாது. செயற்குழுவுக்கு ஆள் தெரிவு செய்யும்போது ஐந்து மணிக்கு வந்தவர்களில் இருந்தும் ஆட்களை எடுங்கள். தேத்தண்ணி ஊற்றவும் கதிரை அடுக்கவும் மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினருக்கு மன்னிப்பைப் பிரசங்கிப்பதை நிறுத்துங்கள். அவர்கள் தெருவோரம் இருக்கும் நாளில், சபையில் இருந்து நாலு பேராவது போய்ப் பக்கத்தில் இருங்கள். பேசத் தேவையில்லை. உங்கள் தோட்டத்தில் வரும் கிழமையில் இருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியைக் கொடுங்கள். இதற்குத் தீர்மானமோ கூட்டமோ வேண்டியதில்லை, சட்டைப் பையைத் திறந்தால் போதும்.

இதனால் உங்களுக்கு ஏதும் குறையப்போகிறதா என்று ஒருமுறை நிதானமாகக் கணக்குப் பாருங்கள். உங்கள் பெற்றோரின் கல்லறை அங்கேயே இருக்கும். உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கும். பேசிய கூலி உங்களுக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவருடைய கையைப் பார்ப்பது ஒன்றைத்தான் விடச் சொல்கிறேன்.

சேமக்காலையில் பிரிவு வேண்டாம் என்ற தீர்மானத்தை எங்கள் சபையின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழியப் போகிறேன். உங்கள் உங்கள் சபையிலும் யாராவது முன்மொழியுங்கள். எங்கள் கூட்டத்தில் அதை வழிமொழிய ஒருவர் வேண்டும். இதை வாசிக்கும் எங்கள் சபையார் யாராவது கூட்டத்துக்கு முன் என்னிடம் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள்,
சபை அங்கத்தவன் ஒருவன்,
யாழ்ப்பாணம்.